விரைந்தோடும் பொருளைப் படம்பிடித்தல்: நெடுந்தீவுக் குதிரைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

நிற்கின்ற பொருளைப் படம்பிடிப்பவனுக்குக் காலம் துணையாகும். ஓடுகின்ற பொருளைப் படம்பிடிப்பவனுக்கு அக்காலமே பகையாகும். கோயிற் கோபுரமும், ஆலமரமும், கடலோரத்துக் கோட்டைச் சிதைவும் நாம் கருவியைச் சரிசெய்து முடிக்கும்வரை அசையாது நிற்கும். விரைந்து வரும் துவிச்சக்கரவண்டியும், பிடரி பறக்கப் பாயும் குதிரையும் அவ்வாறு காத்திருப்பதில்லை. கண்ணிமைக்கும் பொழுதில் வந்து கடந்துவிடும். அப்பொழுதைத் தெளிவுறவும் அழகுறவும் பதித்துக்கொள்வது ஒரு தனிக்கலை. அதன் அடிப்படைகளை, எமது தீவகத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாகிய நெடுந்தீவுக் குதிரைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை ஒரு கல்லூரி மலரிலே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் விடுமுறைக்கு ஊர் வரும்போது குறிகட்டுவானில் வள்ளமேறி நெடுந்தீவுக்குச் செல்கின்றனர். அவர்தம் தோள்களில் விலையுயர்ந்த கமராக்கள் தொங்குகின்றன. இன்றைய மாணவரின் கைகளிலோ கைத்தொலைபேசிக் கமராக்கள் உள. எனினும், திரும்பி வந்து காட்டும் படங்களிற் பல மூவகைக்குள் அடங்கிவிடுகின்றன. முருகைக்கல் மதில் தெளிவாகவும் குதிரை மங்கலாகவும் இருப்பது ஒன்று. குதிரையின் வால் மட்டும் ஓரத்தில் எஞ்சியிருப்பது மற்றொன்று. புழுதி மட்டும் தெரிவது மூன்றாவது. இம்மூன்றும் கருவியின் குறையால் நேர்வனவல்ல. விரைவின் இயல்பை அறிந்தால் நீங்கக்கூடியன. இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. நல்ல படம் வேண்டி, மேய்ந்து நிற்கும் குதிரைகளைத் துரத்தி ஓடச்செய்வதே அது. அதைப் பற்றி இறுதியிற் கூறுவோம். முன் கூறுவன யாவும் அம்முடிவுக்கே வழிகாட்டுவன.

தீவும் குதிரைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையிலே, ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடன் கிடப்பது நெடுந்தீவு. ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். லெய்டன், மிடில்பேர்க் முதலிய பெயர்கள் வழக்கொழிந்தன; டெல்வ்ற் என்னும் பெயர் ஒன்றே ஆங்கில வழக்கில் இன்றும் நெடுந்தீவுக்கு நிலைத்துவிட்டது. பெயரோடு அவர்கள் விட்டுச்சென்ற மற்றொரு மரபு குதிரைகளாகும். போர்த்துக்கேயர் காலத்திலேயே குதிரைகள் இங்கு கொண்டுவரப்பட்டன என்பர். ஒல்லாந்தர் அவற்றின் வளர்ப்பை விரிவாக்கினர். ஆங்கிலேயர் ஆட்சியிலும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நோலன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் அத்தொழில் நடந்தது. பின்னர் அது கைவிடப்பட, கட்டவிழ்ந்த குதிரைகள் தீவின் வெளிகளிலே தாமாகவே பெருகின. பழைய இலாயத்தின் சிதைவுகளை இன்றும் அங்கு காணலாம்.

இன்று மட்டக்குதிரைகளாகக் காணப்படும் இவை பெரும்பாலும் தீவின் தென்பகுதிப் புல்வெளிகளிலே கூட்டங் கூட்டமாகத் திரிகின்றன. 2015ஆம் ஆண்டில் அப்பகுதியைச் சார்ந்த 1,846 எக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. படம்பிடிப்போன் மனங்கொள்ள வேண்டியது இந்நிலத்தின் அமைப்பாகும். நெடுந்தீவில் மலையில்லை, குன்றுமில்லை. குடியிருப்புப் பகுதிகளிற் பனைகளும், முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்களும், அவற்றிடையே ஒடுங்கிய ஒழுங்கைகளும் உள. தென்வெளியிலோ தரையும் வானமும் ஒரே கோட்டிற் கலக்கின்றன. ஆகவே ஒழுங்கையிற் துவிச்சக்கரவண்டி ஓட்டிவரும் மாணவனைப் படம்பிடிப்பது ஒரு வகைப் பயிற்சி. திறந்த வெளியிற் குதிரையைப் படம்பிடிப்பது வேறொரு வகைப் பயிற்சி. இரண்டிற்கும் விதிகள் பொதுவானவை.

கண் காணாததைக் கமரா கண்ட வரலாறு

பாயும் குதிரையின் கால்கள் எவ்வாறு இருக்கும்? நூற்றாண்டுகளாக ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டி, நான்கும் நிலத்தைத் தொடாது பறப்பதாக வரைந்தனர். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்திலும் அவ்வாறே காண்கிறோம். கண்ணுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

1878ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கலிபோர்ணியாவிலுள்ள பாலோ அல்ற்றோவில், எட்வேட் மைபிரிட்ஜ் என்னும் படப்பிடிப்பாளர் 12 கமராக்களை ஒரு வரிசையில் நிறுத்தினார். குதிரை ஓடும் பாதையின் குறுக்கே நூலிழைகள் கட்டப்பட்டன. குதிரை ஒவ்வோர் இழையையும் தட்டிச் செல்ல, ஒவ்வொரு கமராவும் ஒவ்வொரு படத்தை எடுத்தது. அப்படங்கள் ஓவியர் கூற்றைப் பாதி மெய்யென்றும் பாதி பொய்யென்றும் காட்டின. நான்கு கால்களும் நிலத்தைவிட்டு எழுவது உண்மை. ஆனால் அவ்வேளையிற் கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழே ஒருங்கு மடங்கியிருந்தன. நான்காண்டுகளின் பின்னர், 1882இல், பிரெஞ்சு உடலியலறிஞர் மாரே துப்பாக்கி வடிவில் அமைந்த ஒரு கமராவைச் செய்து, செக்கனுக்கு 12 படங்களை ஒரே கருவியால் எடுத்தார். இன்றைய கமராக்களின் தொடர் படப்பிடிப்பு அம்முயற்சிகளின் வழிவந்ததேயாகும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் இது: விரைந்தோடும் பொருளின் சிறந்த கணத்தைக் கண்ணாற் கண்டபின் கமராவை அழுத்தலாம் என எண்ணுவது வீண். கண் அக்கணத்தைக் காண்பதேயில்லை. அறிவினால் அதனை முன்னறிந்து, அது வருமுன்னரே விரலை அசைத்தல் வேண்டும்.

விரைவும் மூடுதிரையும்

கமராவின் உள்ளே ஒளியை விடுத்தும் தடுத்தும் நிற்கும் சட்டரை மூடுதிரை என்போம். அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரத்தில் பொருள் நகரும் தூரமே படத்தில் மங்கலாகப் பதியும். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

ஒழுங்கையில் மணித்தியாலத்துக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வரும் துவிச்சக்கரவண்டி ஒரு செக்கனில் 5 மீற்றர் செல்கிறது. மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் பாயும் குதிரை ஒரு செக்கனில் ஏறத்தாழ 11 மீற்றர் செல்கிறது. மூடுதிரை 1/60 செக்கன் திறந்திருப்பின் வண்டி 8 சென்ரிமீற்றரும், குதிரை 18 சென்ரிமீற்றரும் நகர்ந்துவிடும். 1/1000 செக்கனாயின் வண்டி 5 மில்லிமீற்றரும் குதிரை 11 மில்லிமீற்றரும் நகரும்.

இவ்வசைவு படத்திலே தெரியுமா என்பது, படத்திற் பொருள் எவ்வளவு பெரிதாக விழுகிறது என்பதைப் பொறுத்தது. 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளில், அல்லது அதற்கு ஒப்பான உணரியில், 0.03 மில்லிமீற்றருக்கு உட்பட்ட மங்கலைக் கண் பொருட்படுத்தாது என்பது நெடுங்கால வழக்கு. 200 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுள்ள வில்லையால் 20 மீற்றர் தொலைவிலுள்ள குதிரையைப் பார்த்தால், அதன் உருவம் நூறிலொரு பங்காக விழும். ஆகவே குதிரை 3 மில்லிமீற்றருக்கு மேல் நகராதபடி மூடுதிரை மூடவேண்டும். குறுக்கே ஓடும் குதிரைக்கு இது ஏறத்தாழ 1/4000 செக்கனாகும். குறுக்கே செல்லும் துவிச்சக்கரவண்டிக்கு 1/2000 செக்கன் போதும்.

குதிரை நம்மை நோக்கிச் சாய்வாக வருமாயின் 1/2500 செக்கன் அமையும். நேரே நம்மை நோக்கி வருமாயின் 1/1000 செக்கனும் பெரும்பாலும் போதுமானது. ஏனெனில் அப்பொழுது உருவம் பக்கவாட்டில் நகர்வதில்லை, மெல்லப் பெரிதாகின்றது.

ஓடும் பொருளின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்திற் செல்வதில்லை என்பதையும் ஈண்டு கூறவேண்டும். உருளும் சில்லின் அடிப்பகுதி நிலத்தைத் தொடும் கணத்தில் அசைவற்று நிற்கிறது. உச்சிப்பகுதி வண்டியின் வேகத்தைப்போல் இருமடங்கு விரைகிறது. அதனாலேயே துவிச்சக்கரவண்டிப் படங்களிற் கீழ்க்கம்பிகள் தெளிவாகவும் மேற்கம்பிகள் மங்கலாகவும் விழுகின்றன. குதிரைக்கும் இது பொருந்தும். மண்ணில் ஊன்றிய குளம்பு நிற்கும். முன்னோக்கி வீசும் குளம்பு உடலினும் மிக விரைந்து செல்லும். குளம்புகளிற் சிறிது மங்கல் இருப்பது குற்றமன்று. அது ஓட்டத்தை உணர்த்தும். கண்ணும் முகமும் மட்டும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

குவியம் பிடிக்கும் முறை

மூடுதிரையைப் பற்றிய சிக்கல் தீர்ந்தாலும் குவியத்தைப் பற்றிய சிக்கல் எஞ்சி நிற்கும். மேலே கூறிய 200 மில்லிமீற்றர் வில்லையை எவ் 4 என்னும் துவாரத்திற் திறந்து 20 மீற்றர் தொலைவிற் குவியப்படுத்தினால், சற்றேறக்குறைய இரண்டரை மீற்றர் ஆழத்துக்கே தெளிவு இருக்கும். நேரே வரும் குதிரை அவ்வாழத்தை ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கில் கடந்துவிடும். கண் கண்டு, மனம் உணர்ந்து, விரல் அழுத்துவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே செல்லும். மதில் தெளிவாகவும் குதிரை மங்கலாகவும் விழுவதன் மருமம் இதுவே. துவாரத்தை எவ் 8 ஆகச் சுருக்கினால் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 5 மீற்றராக விரியும். ஆனால் ஒளி நான்கிலொன்றாகக் குறையும்.

இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. குறுக்கே ஓடும் பொருளுக்கு விரைந்த மூடுதிரை வேண்டும். ஆனால் அதன் தொலைவு அதிகம் மாறாமையாற் குவியம் எளிது. நேரே வரும் பொருளுக்கு மூடுதிரை எளிது; குவியமோ அரிது. இரண்டிற்கும் இடைப்பட்ட சாய்வு வழியைத் தெரிவது தொடக்கக்காரருக்கு நன்று. சாய்வாக வரும்போது முகமும் உடலின் நீளமும் ஒருங்கே தெரிவதனாற் படத்தின் அழகும் கூடும்.

குவியம் பிடிப்பதற்கு இரு முறைகள் உள. முதலாவது முற்குவியம். குதிரை அல்லது வண்டி கடந்து செல்லும் இடத்தை ஊகித்து, அங்குள்ள ஒரு கல்லிலோ புற்கற்றையிலோ முன்கூட்டியே குவியப்படுத்தி, அதனை மாற்றாது வைத்துக்கொள்ளல். பொருள் கல்லைத் தொடும்போது அழுத்தலாகாது. விரலின் தாமதத்திற் குதிரை 2 மீற்றரும் வண்டி 1 மீற்றரும் நகரும் ஆதலால், அவ்வளவு தூரம் முன்னதாகவே அழுத்தவேண்டும். பழைய கமரா வைத்திருப்போரும் இம்முறையாற் சிறந்த படம் எடுக்கலாம். ஒழுங்கையின் வளைவு இதற்கு மிக ஏற்ற இடம். வண்டி எங்கே திரும்பும் என்பது ஐயமின்றித் தெரியும், வேகமும் அங்கே குறையும். 1970களிற் கலிபோர்ணியாவின் தமல்பைஸ் மலைச்சரிவுகளில் மலைத்துவிச்சக்கரவண்டி ஓட்டம் தோன்றி உலகெங்கும் பரவியது. அவ்வோட்டக்காரரைப் படம்பிடிப்போர் இன்றும் வளைவுகளையும், வண்டி மேலெழும் மேடுகளையுமே தேடி அமர்கின்றனர். மேட்டிலிருந்து எழுந்த வண்டி தன் உச்சியை அடையும் கணத்தில் மேலும் செல்லாது, கீழும் விழாது நிற்பதுபோற் தோன்றும். அக்கணமே தெளிவுக்கும் அழகுக்கும் உரியது.

இரண்டாவது முறை தொடர்குவியம். 1985இல் மினோல்ற்றா நிறுவனம் வெளியிட்ட 7000 என்னும் கமராவின் பின்னர்த் தன்னியக்கக் குவியம் பரவலாயிற்று. வில்லையின் இரு பக்கங்களாலும் வரும் ஒளியை ஒப்பிட்டுக் குவியம் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா எனக் கருவி கணக்கிடுகிறது. பின்வந்த கருவிகள் பொருளின் வேகத்தையும் அளந்து, மூடுதிரை திறக்கும் கணத்தில் அது எங்கே இருக்கும் என முன்கூட்டி அறிகின்றன. அண்மைக் கருவிகள் விலங்கின் கண்ணையும் தேடிப் பிடிக்கின்றன. ஆயினும் மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்ளவேண்டும். ஒன்று, ஒற்றைக் குவியத்தை விடுத்துத் தொடர்குவியத்தைத் தெரிந்திருத்தல். இரண்டு, படம் எடுக்குமுன் குறைந்தது ஒரு செக்கனாவது பொருளைத் தொடர்ந்து வருதல். வேகத்தை அளக்கக் கருவிக்கும் அவகாசம் வேண்டும். மூன்று, இடையே மதிலோ பற்றையோ குறுக்கிட்டாற் குவியம் உடனே அதிற் பாய்ந்துவிடாதபடி, குவியம் தேடும் பரப்பைச் சிறிதாக்கிப் பொருளின் கழுத்திலோ தலையிலோ நிறுத்துதல்.

கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. அதன் வில்லையின் குவியத்தூரம் மிகச் சிறிதாகையாற் தெளிவின் ஆழம் இயல்பாகவே பெரிது. பெரிய கமராவிலுங்கூட, 50 மில்லிமீற்றர் வில்லையை எவ் 8இல் வைத்து 10 மீற்றரிற் குவியப்படுத்தினால், 5 மீற்றருக்கு அப்பால் ஏறக்குறைய யாவும் தெளிவாகும். ஆகவே தொலைபேசிக்காரருக்குக் குவியம் இடரன்று. விரலாற் திரையை விரித்துப் பெரிதாக்கும் ஆசையே இடர். அது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதேயாகும்.

உடன் திருப்பிப் பிடித்தல்

ஒளி குறைந்த மாலையில் விரைந்த மூடுதிரை கைகூடாது. அப்பொழுது கைக்கொள்ளத்தக்கது கமராவைப் பொருளோடு உடன் திருப்பும் முறை. மூடுதிரையை 1/30 அல்லது 1/60 செக்கனில் வைத்து, குறுக்கே செல்லும் வண்டியை அதன் வேகத்திலேயே தொடர்ந்து திருப்பினால், வண்டி கமராவுக்கு நிலையாகவும் மதிலும் பனையும் ஓடுவனவாகவும் பதியும். பாதங்களைப் பொருள் கடக்கும் இடத்தை நோக்கி ஊன்றி, இடுப்பிலிருந்து மட்டும் உடலைத் திருப்பவேண்டும். மூச்சை மெல்ல விட்டு, அழுத்திய பின்னரும் திருப்புதலை நிறுத்தாது தொடரவேண்டும்.

குதிரைக்கு இம்முறை சற்றுக் கடினம். வண்டி மட்டமாகச் செல்லும். குதிரையின் உடல் ஏறியிறங்கிச் செல்லும். ஆகவே 1/125 செக்கனளவில் தொடங்கி, கை பழகியபின் வேகத்தைக் குறைப்பது தக்கது. பத்துப் படங்களில் ஒன்று தேறினும் மகிழலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடைபெறும் மாட்டுவண்டிச் சவாரிகள் இப்பயிற்சிக்குச் சிறந்த களமாகும். பாதை நேரானது, திசை உறுதியானது, சோடிகள் மீண்டும் மீண்டும் வருவன.

மூடுதிரையின் அமைப்பினால் விளையும் ஒரு விந்தையையும் அறிந்திருத்தல் நன்று. பல கமராக்கள் படத்தை ஒரே கணத்திற் பதிவதில்லை. ஓரத்திலிருந்து ஓரமாக வருடிப் பதிகின்றன. பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் லார்த்திக், 1910களில் எடுத்த மோட்டார்ப் பந்தயப் படமொன்றில் காரின் சில்லு முட்டைவடிவாய்ச் சாய்ந்து நிற்பதும், பார்வையாளர் எதிர்ப்புறம் சாய்ந்திருப்பதும் அதனாலேயே. கைத்தொலைபேசியில் விரைந்த வண்டியின் சில்லு கோணலாக விழுவதும் அதே காரணத்தாலாகும்.

படத்தின் அமைப்பு

தெளிவு மட்டும் படமாகாது. சட்டத்துள்ளே எதனை எங்கே வைப்பது என்பதே அமைப்பு. ஓடும் பொருளுக்கு முன்னே இடம் விடுதல் முதல் விதி. பின்புறம் வெளி அதிகமாயிருப்பின் பொருள் படத்தை விட்டு வெளியேறுவதுபோற் தோன்றும். முன்புறம் வெளியிருப்பின் அது எங்கோ செல்கிறது என்னும் உணர்வு பிறக்கும். ஓட்டத்துக்குச் சேருமிடம் வேண்டுமன்றோ?

இரண்டாவது, கமராவின் உயரம். நின்ற நிலையில் எடுத்தால் மட்டக்குதிரை மேலும் சிறுத்து, புல்லோடு புல்லாய் ஒட்டிக் கிடக்கும். முழந்தாளிட்டு, குதிரையின் மார்பு மட்டத்திற்குக் கமராவைத் தாழ்த்தினால், உடல் வானத்தின் எதிரே எழுந்து நிற்கும். மடங்கிய கால்களின் கீழே வெளிச்சம் தெரியும். நெடுந்தீவின் தட்டைநிலம் இதற்கு உதவுகின்றது. ஆனால் அடிவானக்கோடு குதிரையின் கழுத்தை அறுத்துச் செல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கோடு சரிந்திருப்பின் கடலே சரிந்து வழிவதுபோலாகும்.

மூன்றாவது, பின்னணி. ஒழுங்கையில் மதில்கள் இரண்டும் தூரத்தே ஒரு புள்ளியிற் கூடுகின்றன. வண்டியை அப்புள்ளியினின்று சற்று விலக்கி வைத்தால் மதில்களின் கோடுகள் கண்ணை வண்டிக்கு இட்டுச்செல்லும். ஓட்டுபவனின் தலையிலிருந்து பனை முளைத்ததுபோல் விழாதபடி ஓரடி இடமாகவோ வலமாகவோ நகர்ந்து நிற்பது எளிதான காரியம். ஆயினும் அதனைப் படம் எடுக்குமுன் செய்யவேண்டும். பின்னணியைத் தெரிந்து அமர்ந்து, பொருள் வரும்வரை காத்திருப்பதே முறை.

நான்காவது, கூட்டம். பல குதிரைகள் ஒருங்கே ஓடும்போது கால்கள் பின்னி ஒரே காடாகும். ஒன்றுக்கொன்று இடைவெளி தோன்றும் கணத்துக்குக் காத்திருந்து, முன்னே வரும் ஒன்றன் கண்ணிற் குவியம் வைத்தல் வேண்டும். தாயும் குட்டியும் ஒன்றாகச் செல்லின் குட்டியின் முகம் மறையாதபடி பார்க்கவேண்டும். குளம்பு, காது, வால் ஆகியவற்றின் நுனி வெட்டுண்ணாதபடி சற்று அகலமாகவே எடுத்து, பின்னர் வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒளியும் காற்றும்

நண்பகலில் எமது ஞாயிறு தலைக்குமேல் நிற்கும். குதிரையின் கண்ணும் வயிறும் இருளில் மூழ்கும். வெண்ணிற முருகைக்கல்லின் பிரகாசத்தைக் கண்டு கமரா ஏமாந்து, குதிரையை மேலும் கருமையாக்கும். காலையிலும் பிற்பகலின் இறுதியிலும் சாய்ந்து வரும் ஒளியே தக்கது. தெளிந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400க்கு எவ் 16 துவாரமும் 1/400 செக்கனும் அமையும் என்பது பழைய விதி. அதிலிருந்து எவ் 5.6க்கு மாறினால் 1/3200 செக்கன் கிடைக்கும். குதிரையின் பாய்ச்சலுக்கு அது ஏறக்குறையப் போதியதே.

ஆண்டின் நடுப்பகுதியிற் சோளகக் காற்று வலுத்து வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்று மனிதனின் வாடையையும் ஓசையையும் வடகிழக்கே கொண்டுசெல்லும். மாலையில் ஞாயிற்றை முதுகிற் கொண்டு மேற்கே நின்றால், குதிரைகள் காற்றின் வழியிலே இருப்பதனால் நம்மை விரைவில் அறிந்துவிடும். காலையிற் கிழக்கே நின்றாற் காற்று அவற்றினின்று நம்பால் வீசும். அமைதியாக நெடுநேரம் இருக்கலாம். அதனாற் சோளகக் காலத்திற் காலையே சிறந்தது. வள்ளமேறி வந்து அன்றே திரும்புவோர் வெளியை அடையும்போது ஞாயிறு உயர்ந்துவிடும். ஓரிரவேனும் தீவிற் தங்குவோர்க்கே காலை ஒளி வாய்க்கும். வள்ளப் பயணத்திற் கடற்றுவலை கமராவிற் படும். ஒரு பொலித்தீன் பையும் உலர்ந்த பருத்தித்துணியும் கொண்டுசெல்வது நன்று.

ஓடுவதைப் பிடித்தலும் ஓட்டுதலும்

இப்பொழுது முதலிற் குறிப்பிட்ட செய்திக்கு வருவோம். குதிரை ஓடினாற்றானே படம்? ஓடாதிருக்கும் குதிரையை ஓடச்செய்தால் என்ன? மோட்டார் சைக்கிளிலே பின்தொடர்ந்தும், கூச்சலிட்டும், கல்லெறிந்தும் படம் எடுக்க முயல்வோர் எண்ணுவது இதுவே.

நெடுந்தீவின் வறட்சியை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். அங்கு ஆறில்லை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மாதங்கள் செல்லச் செல்ல நீர்நிலைகள் வற்றுகின்றன, புல் கருகுகிறது. கடும் வறட்சி ஆண்டுகளிற் குதிரைகள் நீரின்றி மடிந்தமையும் பலரும் அறிந்த துயரச் செய்தி. குதிரை உடற்சூட்டைத் தணிப்பது வியர்வையினால். உடல் நிறையில் 100 கிலோகிராமுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 5 லீற்றர் நீர் அதற்கு வேண்டும். வெயிலில் ஓடினால் அத்தேவை மேலும் பெருகும். எஞ்சிய நீர்நிலையை நோக்கி நடந்துவந்த கூட்டத்தை ஒருவன் துரத்திவிட்டால், அவை இழப்பது வியர்வை மட்டுமன்று. குடிக்கவிருந்த நீரையும் இழக்கின்றன. தாயினின்று குட்டி பிரிவதும் அத்தகைய ஓட்டத்திலேதான். ஒரு படத்துக்கு இது மிகப் பெரிய விலையாகும்.

அறத்தை ஒருபுறம் வைத்துக் கலையின் நோக்கிற் பார்த்தாலும் துரத்துதல் பயனற்றது. துரத்தப்பட்ட குதிரை நம்மை விட்டு விலகி ஓடும். ஆகவே படத்தில் விழுவது பின்புறமும் புழுதியுமே. எங்கே திரும்பும் என்பது தெரியாமையால் முற்குவியம் இயலாது. ஓடும் மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவனுக்குக் கையும் நிலையில்லை, பின்னணியும் தெரிவில்லை. நாம் மேலே விளக்கிய ஒவ்வொரு விதியும் ஒரே நிபந்தனையின்மேல் நிற்கிறது: படம்பிடிப்போன் ஓரிடத்தில் அமைதியாக இருக்கவேண்டும், பொருள் தன் இயல்பில் அவனிடம் வரவேண்டும்.

குதிரைகள் தாமாக ஓடும் வேளைகள் இல்லாமலில்லை. காலைக் குளிர்ச்சியிற் குட்டிகள் துள்ளி விளையாடும். ஆண்குதிரைகள் ஒன்றையொன்று விரட்டும். மழை பெய்து புல் தளிர்த்த நாட்களிற் கூட்டம் முழுவதும் காரணமின்றிப் பாய்வதுபோற் தோன்றும் கணங்களும் உண்டு. நெடுந்தீவு மக்கள் இவற்றின் போக்குவரவை நன்கு அறிவர். தீவிற் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரிடம் அரைமணிநேரம் பணிவோடு கேட்டறிவது, விலையுயர்ந்த வில்லையினும் மிகுந்த பயன் தரும். ஒழுங்கையில் மாணவரைப் படம்பிடிக்க விரும்புவோர் அவர்தம் பெற்றோரின் இசைவைப் பெறுவதும், தேசியப் பூங்காவுக்குள் செல்வோர் அதற்குரிய விதிகளைக் கேட்டு நடப்பதும் கடமையாகும்.

நல்ல படத்துக்கு அழகினும் மேலான பயன் ஒன்றுண்டு. குதிரையொன்றின் நெற்றிவெள்ளை, உடல்நிறம், விலாவெலும்பு தெரியும் அளவு, குட்டி உடனிருந்தமை ஆகியவற்றை ஒரு தெளிந்த படம் சாட்சியாகக் காட்டும். நாளும் இடமும் குறித்து வைத்த படங்கள் ஆண்டுதோறும் சேருமாயின், எக்கூட்டம் வாழ்கிறது, எது தேய்கிறது, எந்நீர்நிலை முதலில் வற்றுகிறது என்பனவற்றை அறிய அவை உதவும். கல்லூரியின் படப்பிடிப்பு ஆர்வலரும் விலங்கியல் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க தொண்டு இது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தம் விடுமுறைப் படங்களின் பிரதிகளை நாளிட்டு அளித்தாலே அதற்கு அடித்தளம் அமையும்.

மைபிரிட்ஜின் படங்கள் குதிரையைப் பற்றி மனிதர் கொண்டிருந்த பிழையான எண்ணமொன்றைத் திருத்தின. எமது மாணவர் எடுக்கும் படங்கள் நெடுந்தீவுக் குதிரைகளின் மெய்யான நிலையை நாட்டவர்க்குக் காட்டட்டும். மூடுதிரையின் கணக்கை அறிக. குவியத்தை முன்கூட்டி அமைக்க. பின்னணியைத் தெரிந்து அமர்க. பின்னர் பொறுமையோடு காத்திருக்க. குதிரை தானே வரும்.